இரண்டு பூட்டுப் போட்ட டீசல் அறை

பணி ஓய்வு பெற்றவன் என்றால் தலை நரைத்திருக்க வேண்டும், தோளில் சால்வை கிடக்க வேண்டும். எனக்கு இரண்டும் இல்லை. முப்பது வயதைத் தாண்டிக் கொஞ்ச காலம்தான் ஆகிறது. ஆனாலும் டீசல் வேலையைப் பொறுத்தவரை நான் ஓய்வு பெற்றவன்தான். டீசல் பட்டால் என் கைத்தோல் வெடித்து நீர் வடிகிறது. மதுரையில் பார்த்த தோல் மருத்துவர், இனிமேல் டீசலைத் தூரத்தில் இருந்து பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டார். இப்போது காரைக்குடியில் ஒரு பேட்டரிக் கடையில் பில் போடுகிறேன்.

மின்சாரக் கார்களைப் பிரித்து மாட்டக் கற்றுக்கொண்டிருக்கிற தம்பிகள் சிலர் கடைக்கு வருவார்கள். "அண்ணே, டேங்கர் ஸ்ட்ரைக் சமயத்துல கல்யாணப் பலகார எண்ணெயில காரு ஓட்டுனீகளாமே, நெசமா? நம்ம மெக்கானிக் சங்க மலருக்கு எழுதிக் குடுங்களேன்" என்று கேட்டார்கள். நிஜம்தான். ஆனால் அதை எழுதினால் ஜெரால்டைப் பற்றி எழுத வேண்டும். ஜெரால்டைப் பற்றி எழுதினால் அவன் மேல் எனக்கு இருந்த பொறாமையை எழுத வேண்டும். இருந்த என்று எழுதிவிட்டேன். இருக்கிற என்பதுதான் சரி.

சாக்கோட்டைப் பக்கம் எங்கள் ஊர். கண்மாய் பெருகினால் நெல், பெருகாவிட்டால் ஒன்றுமில்லை. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அப்பா கைநாட்டு. அம்மா பஸ்ஸின் நிறத்தைப் பார்த்து ஏறுகிறவர். டிப்ளமா ஆட்டோமொபைல் முடித்தேன். படித்த காலத்தைப் பற்றி எழுதப் பெரிதாக ஒன்றுமில்லை. படித்தேன், பசித்தது, முடித்தேன். முடித்த கையோடு மீனாட்சி ஆச்சியின் டிராவல்ஸில் வேலைக்குச் சேர்ந்தேன். அதே வாரத்தில் ஜெரால்டும் சேர்ந்தான்.

ஆச்சியின் தொழில் மூன்று வகை. வாடகைக் கார்கள் ஒன்று. கல்யாணங்களுக்கு ஜெனரேட்டர் அனுப்புவது ஒன்று. மூன்றாவது இந்தப் பக்கத்துக்கே உரிய வேலை. சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருக்கிறவர்களின் பெரிய வீடுகள் இங்கே பூட்டிக் கிடக்கும். அவற்றின் கொட்டகையில் ஒரு டீசல் கார் நிற்கும். முன்னோருக்குப் படைக்கும் படைப்புக்கோ கல்யாணத்துக்கோ அவர்கள் வந்து இறங்கும் அன்று அந்தக் கார் சாவியைத் திருப்பியதும் கிளம்ப வேண்டும். ஆறேழு மாதம் நின்ற கார் அப்படிக் கிளம்பாது. நாங்கள் போய்க் கிளம்ப வைப்போம்.

ஆச்சி நாற்காலியில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. நின்றுகொண்டே கணக்குப் பார்ப்பார், நின்றுகொண்டே காபி குடிப்பார். குரல் எழும்பாது. நன்றாக இருந்தால் "ம்" என்பார். நன்றாக இல்லாவிட்டால் ஒன்றும் சொல்லாமல் அதே இடத்தில் நின்றுகொண்டிருப்பார். எது தப்பு என்று நாமாகக் கண்டுபிடிக்கிற வரைக்கும் நகர மாட்டார். புது டீசல் வந்தால் ஒரு வெள்ளைக் கண்ணாடிப் பாட்டிலில் பிடித்து வெளிச்சத்தில் வைக்கச் சொல்வார். பாட்டிலுக்குப் பின்னால் அன்றைய காலண்டர் தாளைப் பிடிப்பார். ராகுகாலம் போட்டிருக்கிற பொடி எழுத்து டீசலுக்கு ஊடே தெளிவாகத் தெரிய வேண்டும். எழுத்து மங்கினால் டீசலில் ஈரம் இருக்கிறது என்று அர்த்தம். அந்தப் பேரல் அன்றைக்கு ஒதுக்கிவைக்கப்படும்.

டீசல் அறை ஷெட்டின் வடகோடியில் இருந்தது. ஓட்டுக் கூரை, சுவரின் உச்சியில் காற்றுத் துளைகள், வாசலில் மணல் வாளி. பேரல்கள் தரையில் நிற்கக் கூடாது, பலகை மேல் நிற்க வேண்டும். பலகைக்கு அடியில் ஒரு பக்கம் மட்டும் சிறு கட்டை கொடுத்துப் பேரலைக் கொஞ்சம் சாய்த்திருப்போம். தண்ணீர் டீசலைவிடக் கனம். எந்தப் பக்கம் தாழ்வோ அங்கே போய் ஒதுங்கும். கைப் பம்பின் குழாய் எதிர்ப்பக்கம் இறங்கி, அடியைத் தொடாமல் ஒரு சாண் மேலேயே நிற்கும். புதிதாக ஊற்றிய டீசலை அன்றே எடுக்கக் கூடாது, தெளிய விட வேண்டும். பேரலை அரைகுறையாக நாள்கணக்கில் வைக்கக் கூடாது. காலியிடத்தில் காற்று இருக்கும், காற்றில் ஈரம் இருக்கும், குளிர்ந்தால் அது பேரலின் உள்பக்கம் வியர்த்து இறங்கும். டீசலும் தண்ணீரும் சந்திக்கிற கோட்டில் பழுப்பாகப் பாசி போல ஒன்று பிடிக்கும். பழைய கார் அதைக் குடித்தால் இருமும், புகையும், எப்படியோ வீடு வந்து சேரும். புது ரக கார் குடித்தால் டீசலைப் பீய்ச்சுகிற இன்ஜெக்டர் போய்விடும். நடுரோட்டில் நிற்க வேண்டியதுதான்.

நிற்கிற கார்களுக்கும் இதே பாடம்தான். வீட்டுக்காரர்கள் ஊருக்குக் கிளம்புகிற அன்று டேங்கை நிரப்பி நிறுத்து, அரை டேங்கோடு விடாதே. திரும்பி வருகிற செய்தி கிடைத்ததும் முதலில் ஃபில்டரின் அடித் திருகைத் தளர்த்தித் தண்ணீரை வடி, அப்புறம் சாவியைத் தொடு.

இதெல்லாம் எனக்கும் ஜெரால்டுக்கும் சமமாகத்தான் தெரியும். வேலையில் அவன் என்னைவிட மட்டமும் இல்லை, உசத்தியும் இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அவன் மட்டமாக இருந்திருந்தால் நிம்மதியாக இருந்திருப்பேன்.

அவனுடைய அப்பா பள்ளிக்கூட வாத்தியார். காலையில் ஸ்கூட்டரில் கொண்டுவந்து இறக்கிவிடுவார். சாயங்காலம் வந்து நின்றால், "இன்னைக்கு என்னப்பா பாத்தீக?" என்று கேட்பார். அவனும் பம்பைப் பற்றி, ஃபில்டரைப் பற்றிச் சொல்லிக்கொண்டே வண்டியில் ஏறுவான். அவர் ஒரு நாள் கார் கையேட்டை வாங்கி வண்டியில் உட்கார்ந்தபடியே புரட்டி, இந்தப் படத்தில் அம்புக்குறி தப்பாக இருக்கிறதே என்று கேட்டார். எங்கள் அப்பாவும் தினமும் கேட்பார், சாப்பிட்டியா என்று. கேட்கத் தெரிந்ததைத்தான் கேட்பார். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனாலும் அந்த ஸ்கூட்டர் வருகிற நேரத்தில் நான் ஏதாவது காருக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்வேன்.

நேமத்தான்பட்டியில் ஒரு பெரிய வீட்டுக்கு இருவரும் போவோம். நான் கொட்டகையில் ஃபில்டரைக் கழற்றிக்கொண்டிருப்பேன். ஜெரால்டு சாவி வாங்க உள்ளே போவான். போனவன் வர மாட்டான். எட்டிப் பார்த்தால் வீட்டின் இரண்டாம் கட்டு முற்றத்தில் உட்கார்ந்து தேன்குழல் தின்றுகொண்டு, அந்த வீட்டுப் பெரியவர் அப்பச்சியிடம் கப்பல் கதை கேட்டுக்கொண்டிருப்பான். எனக்கும் ஒரு தட்டு வெளியே வரும். தட்டில் குறை இருக்காது. அது வெளியே வருகிறது என்பதுதான் குறை. அவனை யாரும் உள்ளே வா என்று கூப்பிட்டதில்லை. அவனுக்கு உள்ளே போகத் தெரியும், அவ்வளவுதான். டிப்ளமாவில் அந்தப் பாடம் இல்லை.

ஒரு முறை அப்பா என்னைப் பார்க்க டிராவல்ஸுக்கு வந்திருந்தார். கேட்டுக்கு வெளியே வேப்ப மரத்தடியில் நின்றிருக்கிறார். எனக்குத் தெரியாது. ஜெரால்டு பார்த்திருக்கிறான். உள்ளே கூட்டிவந்து, ஆச்சிக்குப் போட்டிருக்கிற நாற்காலியிலேயே உட்கார வைத்து, டீ வாங்கிக் கொடுத்து, ஒவ்வொரு காராகக் காட்டியிருக்கிறான். நான் வந்தபோது அப்பா கால்மேல் கால் போட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார். என்னோடு அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. அந்தப் புள்ளைக்கு எம்புட்டு மரியாதை என்று அந்த வருஷம் முழுக்க வீட்டில் சொல்லிக்கொண்டே இருந்தார். சோறு இறங்காது எனக்கு.

இந்த நிலைமையில்தான் ஆச்சி டீசல் அறைக் கதவில் இரண்டாவது பூட்டைப் போட்டார். பழைய பூட்டு மேலே, புதுப் பூட்டு கீழே. மேல்பூட்டுச் சாவி ஜெரால்டுக்கு, கீழ்ப்பூட்டுச் சாவி எனக்கு. பேரலில் விட்டுப் பார்க்கிற அளவுக் கம்பியும் என் பொறுப்பு. இரண்டு சாவியும் சேராமல் கதவு திறக்காது. எதற்கு இரண்டு என்று நாங்கள் கேட்கவில்லை. ஆச்சியிடம் யாரும் எதற்கு என்று கேட்பதில்லை.

சாவி கிடைத்த சந்தோஷம் எனக்கு அரை நாள்கூட நிற்கவில்லை. மேல்பூட்டு அவனுக்கு எதற்கு? அவன் நின்றபடியே திறப்பான், நான் குனிய வேண்டும். இதைக் கண்டுபிடித்துச் சொன்னவர் பாண்டி அண்ணன். ஜெனரேட்டர் ஓட்டுகிறவர், ஐம்பதை நெருங்குகிறவர், எங்கள் இருவரையும்விட ஆச்சியிடம் பழையவர். சாவி தனக்கு வரும் என்று அவர் எதிர்பார்த்திருந்தார் என்பது பிற்பாடுதான் எனக்கு உறைத்தது. ஜெனரேட்டர் மேல் சாய்ந்து நின்று நாங்கள் திறப்பதைப் பார்ப்பார்.

"தொரை நிமிந்து தொறக்குறாரு, டிப்ளமா குனிஞ்சு தொறக்குது. எனக்கு அதுவும் இல்ல. நல்லா இருங்கப்பா."

ஜெரால்டு சிரிப்பான். எனக்குச் சிரிப்பு வராது. அன்றிலிருந்து ஜெரால்டு தொட்ட ஒவ்வொன்றையும் நான் இரண்டாம் தடவை சரிபார்ப்பேன். அவன் பேரலை மூடினால் மூடி இறுகியிருக்கிறதா என்று பார்ப்பேன். அவன் சாய்ப்புக் கட்டை வைத்தால் நான் போய் ஆட்டிப் பார்ப்பேன். கம்பியின் நுனியில் தண்ணீர் காட்டும் பசை தடவி பேரலில் இறக்குவோம். அடியில் தண்ணீர் இருந்தால் அந்த உயரத்துக்குப் பசை சிவப்பாக மாறிவிடும். அவன் மூடிய பேரலில் அந்தச் சிவப்பைப் பார்க்க மாட்டோமா என்று ஏங்கியே கம்பியை இறக்குவேன். பெரும்பாலும் பசை நிறம் மாறாமல்தான் வரும். துடைத்து வைத்துவிட்டு வருவேன்.

அந்த வருடம் மழைக்காலத்தில் டேங்கர் லாரிகள் ஓடாமல் நின்றன. பங்க்குகளில் ஸ்டாக் இல்லை என்று அட்டை தொங்கியது. இரண்டு நாளில் சரியாகிவிடும் என்றார்கள், ஆகவில்லை. எங்கள் அறையில் இரண்டே பேரல்கள். ஒன்று முழுசு, தெளிந்து, பசை பார்த்து, காலண்டர் எழுத்துத் தெரிந்த டீசல். இன்னொன்று கால்வாசி. மழை ஈரத்தில் திறந்து திறந்து மூடியதில் அதன் அடி எனக்குச் சந்தேகமாக இருந்தது.

கோவிலூரில் இருந்து சொர்ணம் டீச்சரை வாரம் இரண்டு முறை மதுரைக்கு டயாலிசிஸுக்குக் கூட்டிப்போவது எங்கள் வேலை. ஆட்டம் தாங்க மாட்டார் என்பதால் எப்போதும் புதுக் கார்தான். அதற்குச் சுத்தமான டீசல் தவிர வேறு எதையும் காட்டக்கூட முடியாது. புதன்கிழமை அவர் போயாக வேண்டும். ஸ்ட்ரைக் நீண்டால் சனிக்கிழமையும், அதற்கு அடுத்த புதனும்.

திங்கட்கிழமை காலை ஜெரால்டு அவசரமாக வந்தான்.

"மலைச்சாமி, சாவியக் கொண்டா. நேமத்தான்பட்டிக் கல்யாண ஜெனரேட்டருக்கு முழுப் பேரலும் போகணும். சொல்லிட்டேன்."

"யாரக் கேட்டுச் சொன்ன?"

"கல்யாண வீடுடா. அப்பச்சி முகத்தப் பாத்து இல்லைன்னு சொல்ல வாய் வரல."

"ஒனக்கு யாரு முகத்தப் பாத்துத்தான் வந்திருக்கு? டீச்சருக்கு என்ன ஊத்துவ?"

"ஒரு ட்ரிப்புக்கு எம்புட்டு வேணும். கால் பேரல் இருக்குல்ல."

அறையைத் திறந்து கால் பேரலில் பசை தடவிய கம்பியை இறக்கினேன். மேலே எடுத்தபோது நுனியில் இரண்டு விரல்கடை சிவந்திருந்தது. அதை அவன் முகத்துக்கு நேரே நீட்டினேன். அன்று எனக்குக் கிடைத்த சந்தோஷத்தை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இல்லை. வெளியே வந்து என் பூட்டைப் பூட்டிச் சாவியைச் சட்டைப் பைக்குள் போட்டேன். முழுப் பேரல் நகராது என்றேன். அவன் வாக்குக் கொடுத்துவிட்டேன் என்றான். அது உன் வாக்கு, என் சாவி இல்லை என்றேன்.

ஜெனரேட்டரை லாரியில் ஏற்றிவிட்டு நின்ற பாண்டி அண்ணன் சொன்னார்: "ரெண்டு பேரும் பூட்டக் கட்டிப்புடிச்சுக்கிட்டு நில்லுங்க. அங்குட்டு இருட்டுல தாலி கட்டட்டும்."

ஆச்சி வந்தார். இரண்டு பேரும் சொன்னதைக் கேட்டார். யார் பக்கமும் பேசவில்லை. "பேசி முடிங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

ஜெரால்டு வாசற்படியில் உட்கார்ந்தான். ரேஷன் மண்ணெண்ணெய் ஊற்றலாமே என்று யாரோ ஒரு டிரைவர் சொன்னார். அது குற்றம், ஆச்சி வீட்டு வாசலிலேயே சேர்க்க மாட்டார். ஜெரால்டு சட்டென்று தலையைத் தூக்கினான். கல்யாண வீட்டில் ஒரு வாரமாகச் சீர்ப் பலகாரம் சுடுகிறார்கள், மணகோலமும் சீப்புச் சீடையும் அதிரசமுமாக, பொரித்து இறக்கிய கடலை எண்ணெய் மட்டுமே அண்டா அண்டாவாக நிற்கிறது, நம் ஜெனரேட்டர் மெதுவாகச் சுற்றுகிற பழைய இன்ஜின்தானே, அது எண்ணெயிலும் ஓடுமே என்றான்.

ஓடும். நானும் படித்தவன்தான். பழைய ரக இன்ஜின் தாவர எண்ணெயில் ஓடும் என்பது என் பரீட்சையில் வந்த கேள்வி. முழு மதிப்பெண் வாங்கியவன். ஆனால் அந்த நேரத்தில் எனக்குத் தோன்றவில்லை. பலகாரச் சட்டியைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவனுக்குத்தான் தோன்றியது. தேன்குழல் தின்ற இடத்தில் இருந்து அவனுக்கு யோசனை பிறந்தது. வெளியே தட்டு வாங்கினவனுக்கு எப்படிப் பிறக்கும்?

அவனே போனான். சமையல்காரர்களிடம் என்ன பேசினானோ, மத்தியானத்துக்குள் லோடு ஆட்டோவில் மூன்று பெரிய அண்டா எண்ணெயோடு வந்து இறங்கினான். நான் முதல் அண்டாவில் கம்பியை இறக்கினேன். அடியில் சிவப்பு. இரண்டாவதில் இறக்கினேன், சிவப்பு. மூன்றாவதிலும்.

எல்லோருக்கும் கேட்கிற மாதிரிக் கேட்டேன், எண்ணெய் வாங்கி வந்தாயா, ரசம் வாங்கி வந்தாயா என்று.

ஜெரால்டுக்கு முதலில் புரியவில்லை. பிறகு தலையில் அடித்துக்கொண்டான். எண்ணெய் கொண்டுபோக அந்த வீட்டு அம்மா காலி அண்டாக்களை எடுத்துக் கொடுக்கும்போது, வெறும் பாத்திரம் வாசப்படி தாண்டக் கூடாது என்று ஒவ்வொன்றிலும் ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றித்தான் கொடுத்திருக்கிறார். நம் பக்கத்து வழக்கம்தான், எங்கள் அம்மாவும் செய்வார். அதைப் பின்கட்டில் கவிழ்த்துவிட்டு எண்ணெய் ஊற்றுங்கள் என்று யாரும் யாருக்கும் சொல்லவில்லை. சமையல்காரர் அதன் மேலேயே ஊற்றிவிட்டார்.

"நல்ல வேள பாத்த. அப்படியே ஊத்தியிருந்தா இன்ஜின் போயிருக்கும்" என்றான் ஜெரால்டு. ஒரு துளிக் கோபம் இல்லை. எனக்கு அப்போது வந்த எரிச்சலை எப்படிச் சொல்வது? அவன் திருப்பி ஒரு வார்த்தை திட்டியிருந்தால் போதும், என் கணக்கு நேராகியிருக்கும். அதற்கும் வழி விடவில்லை.

டீசல் அறைக்கு வெகு தள்ளி, பின்பக்கப் பொட்டலில் செங்கல் அடுப்புக் கூட்டினோம். மேல் எண்ணெயை முகந்து வேறு சட்டிக்கு மாற்றி, சிறு தீயில் காய்ச்சினோம். உள்ளே ஈரம் இருக்கிற வரைக்கும் எண்ணெய் சடசடவென்று பேசும். பேச்சு அடங்கினால் ஈரம் போய்விட்டது என்று அர்த்தம். அடங்கியதும் இறக்கி ஆறவிட்டு, நாலாக மடித்த வேட்டியில் வடித்தோம். சீடைத் தூளும் எள்ளும் துணியில் நின்றன. மறுபடி வடித்தோம். பசை நிறம் மாறாமல் வந்த பிறகுதான் நான் தலையாட்டினேன். ஜெரால்டு காய்ச்சினான், நான் சோதித்தேன். மூன்றாவது அண்டா முடிகிற வரைக்கும் நாங்கள் பேசிக்கொண்டது பத்து வார்த்தை இருக்காது. வேலை மட்டும் ஒரு கையால் செய்தது போல நடந்தது.

ஜெனரேட்டரை நல்ல டீசலில் கிளப்ப வேண்டும். இன்ஜின் நன்றாகச் சூடானதும் குழாயை எண்ணெய்ப் பக்கம் திருப்ப வேண்டும். நிறுத்துவதற்குக் கொஞ்சம் முன்பு மறுபடி டீசலுக்கு மாற்றி, குழாயில் இருக்கிற எண்ணெயை எரித்துத் தீர்த்த பிறகே நிறுத்த வேண்டும். இல்லாவிட்டால் ஆறிய எண்ணெய் உள்ளே பிசின் போல இறுகிவிடும். இதைப் பாண்டி அண்ணனிடம் சொன்னேன். எனக்கு நீ சொல்லித் தருகிறாயா என்பது போல் பார்த்தார். ஆனால் கல்யாணம் முடிகிற வரைக்கும் ஒரு தடவைகூடத் தப்பவிடவில்லை. சொந்தக்காரர்களை ஸ்டேஷனில் இருந்து ஏற்றிவர எங்களிடம் இருந்த பழைய வெள்ளைக் கார்தான் ஓடியது. கால் பேரலில் மேலாக எடுத்துத் தெளியவைத்த டீசலோடு கால் பங்கு எண்ணெய் கலந்து அதற்கு ஊற்றினோம். கார் போன தெருவெல்லாம் அதிரச வாசனை. வந்து இறங்கிய பெரியவர் ஒருவர், பந்தி ஆரம்பித்துவிட்டதா என்று காரில் இருந்தபடியே கேட்டாராம்.

தம்பிகளுக்கு ஒன்று சொல்லிவைக்கிறேன். இது ஆபத்துக்குச் செய்தது. பழைய ரக இன்ஜினில், சில நாளைக்கு. கல்யாணம் முடிந்ததும் டேங்க், குழாய், ஃபில்டர் எல்லாவற்றையும் கழற்றிச் சுத்தம் செய்தோம். புது ரக டீசல் காரில் இதை நினைத்துக்கூடப் பார்க்காதீர்கள்.

முழுப் பேரல் டீச்சருக்காக அப்படியே நின்றது. ஜெனரேட்டரைக் கிளப்புவதற்கும் நிறுத்துவதற்கும் மட்டும் அதில் கொஞ்சம் எடுத்தோம். புதன்கிழமை நானே பாட்டிலில் பிடித்து, காலண்டர் எழுத்துப் பார்த்து, புதுக் காருக்கு ஊற்றினேன். ஜெரால்டு கல்யாண வீட்டில் இருந்ததால் நானே ஓட்டிக்கொண்டு கோவிலூர் போனேன். டீச்சர் கைத்தடியோடு வந்து, கார் கதவைப் பிடித்துக்கொண்டு உள்ளே எட்டிப் பார்த்தார்.

"ஜெரால்டு வரலையா? அவன்னா பேசிக்கிட்டே வருவான், ஊசி வலி தெரியாது."

கல்யாணத்தில் இருக்கிறான் என்றேன். மதுரை போகிற வரைக்கும் என்ன பேசுவது என்று யோசித்தேன். பேரலில் தண்ணீர் எப்படிச் சேர்கிறது என்று சொல்ல ஆரம்பித்தேன். அவர் ம், ம் என்று கேட்டுக்கொண்டு வந்தார். திரும்பும்போது பின்சீட்டில் தூங்கிப்போனார். கண்ணாடியில் பார்த்துக்கொண்டே குழி வருகிற இடமெல்லாம் மெல்ல எடுத்தேன். இந்தத் தூக்கத்துக்காகத்தான் நான் அந்தக் கதவைப் பூட்டினேன் என்று அவருக்குத் தெரியாது. தெரிந்தாலும் அடுத்த முறை ஜெரால்டைத்தான் கேட்பார்.

கல்யாணம் முடிந்த அன்று அந்த வீட்டில் ஜெரால்டுக்குச் சரிகைக்கரை வேட்டி கொடுத்தார்கள். எனக்கும் கொடுத்தார்கள். அவன் 'இவனுக்கும்' என்று கைகாட்டிய பிறகு.

அன்று சாயங்காலம் ஆச்சியிடம் போய்ச் சாவியை நீட்டினேன். எனக்கு வேண்டாம், இரண்டு பூட்டுச் சாவியும் அவனிடமே இருக்கட்டும், எல்லோருக்கும் அவன்தான் வேண்டும் என்றேன். ஆச்சி சாவியை வாங்கவில்லை. வழக்கம் போல நின்றுகொண்டே பேசினார்.

"எங்க வீட்டுல சாமான் அறைக்கு ரெண்டு பூட்டு, தம்பி. ரெண்டு பங்காளி வீட்டுக்கும் ஆளுக்கு ஒண்ணு. எங்க அப்பச்சிக்கும் அவுக தம்பிக்கும் பேச்சு வார்த்த கெடையாது. அவுக இருந்த வரைக்கும் ஒரு வெள்ளிக் கரண்டி காணாமப் போகல. அடுத்த தலமொறையில ரெண்டு பேரும் ரொம்பச் சினேகம். ஒருத்தர் சாவிய இன்னொருத்தர் இடுப்புல சொருகிக்கிட்டாக. இப்ப அந்த அறையில பல்லிதான் இருக்கு. ஒத்துப்போறவுக கையில ரெண்டு சாவி குடுத்தா அது ஒத்தச் சாவிதான்."

எனக்குப் புரிய நேரம் பிடித்தது. "அப்ப என்னைய நம்பிக் குடுக்கலையா ஆச்சி?"

"நம்பித்தான் குடுத்தேன். ஜெரால்டு யாருக்கும் இல்லைன்னு சொல்ல மாட்டாப்ல. நீங்க ஜெரால்டுக்கு ஆமான்னு சொல்ல மாட்டீக. அத நம்பித்தான் குடுத்தேன்."

சாவியை வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். என் படிப்பை நம்பிக் கொடுத்தார், என் வேலையை நம்பிக் கொடுத்தார் என்று நினைத்திருந்தவனுக்கு, என் வயிற்றெரிச்சலை நம்பிக் கொடுத்தார் என்பது பாராட்டா, அடியா என்று தெரியவில்லை. ஆனால் அது ஒன்றுதான் ஜெரால்டிடம் இல்லாமல் என்னிடம் மட்டும் இருந்தது என்பதும் தெரிந்தது. அதன் பிறகு இன்னும் கவனமாகப் பொறாமைப்பட்டேன். நான் இருந்த வரைக்கும் எங்கள் டீசலால் ஒரு கார்கூட நடுவழியில் நின்றதில்லை.

கை வெடிக்க ஆரம்பித்தது அதற்குச் சில வருடங்கள் கழித்து. உறை போட்டுப் பார்த்தேன், எண்ணெய் தடவிப் பார்த்தேன், மருத்துவரிடம் போனேன். ஜெரால்டும் அதே டீசலில்தான் கை நனைத்தான். அவன் கை அவன் அப்பாவின் கை போலவே வழுவழுப்பாக இருந்தது. இதில்கூடவா என்று இருந்தது.

கடைசி நாள் ஆச்சி கேட்டார், கீழ்ப்பூட்டுச் சாவியை யாரிடம் கொடுக்கலாம் என்று. நல்ல பையன்கள் இரண்டு பேர் புதிதாக வந்திருந்தார்கள், டிப்ளமா முடித்தவர்கள். இருவருக்கும் ஜெரால்டு என்றால் உயிர். அவன் சொன்னால் கண்ணை மூடிக்கொண்டு திறந்துவிடுவார்கள். நான் ஷெட்டைத் திரும்பிப் பார்த்தேன். பாண்டி அண்ணன் ஜெனரேட்டர் மேல் சாய்ந்து என்னையும், என் கையில் இருந்த சாவியையும் பார்த்துக்கொண்டிருந்தார். எத்தனையோ வருடமாகப் பார்த்த பார்வைதான். அன்றைக்குத்தான் அது எந்தப் பார்வை என்று எனக்கு அடையாளம் தெரிந்தது.

"பாண்டி அண்ணனுக்குக் குடுங்க ஆச்சி" என்றேன்.

ஆச்சி "ம்" என்றார். என் வேலைக் காலத்தில் நான் வாங்கிய கடைசி "ம்" அது.

ஒரு வாரம் கழித்துச் சம்பள பாக்கி வாங்கப் போயிருந்தேன். டீசல் அறை வாசலில் கூட்டம். பாண்டி அண்ணன் கம்பியைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்திருந்தார். நுனியில் நகக்கண் அளவுக்குச் சிவப்பு.

"வாங்க டிப்ளமா. இது நீங்க மூடி வச்சிட்டுப் போன பேரலு. தொரையோடது இல்ல, ஒங்களோடது. பாத்துக்கிடுங்க எல்லாரும்."

ஜெரால்டு சிரித்தான், புதுப் பையன்கள் சிரித்தார்கள். என் பேரலிலா தண்ணீர்? உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. வெளிச்சத்துக்குக் கொண்டுவாருங்கள் அண்ணே என்றேன். கொண்டுவந்தார். சிவப்புத்தான். நான் தவறவிட்டதை இவர் பிடித்துவிட்டார். என் கண்ணுக்கே தப்பியதைப் பிடிக்கிற கண் வந்துவிட்டது. இனி அந்த அறையைப் பற்றி நான் கவலைப்பட வேண்டியதில்லை.

அவர் குனிந்து கம்பியைத் துடைத்துவிட்டு மறுபடி பேரலுக்குள் இறக்கினார். உறை போடாத கை. வெளியே எடுத்தபோது மணிக்கட்டு வரைக்கும் டீசல் வழிந்தது. அவர் அதைக் கைலியில் சாவகாசமாகத் துடைத்துக்கொண்டார். நான் என் வெடித்த கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, வெடிப்பே இல்லாத அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றேன்.